மைக் செட் நின்ற பத்து நிமிஷம்

ஹெட்ஃபோனுக்குள் அம்மன் பாட்டு கேட்டது.

காலை எட்டரை மணி இருக்கும். ஓர் ஓட்டு வீட்டின் பின்கட்டில், கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தேன். மடியில் ரெக்கார்டர். முன்னறையில் கேமரா, லைட், முப்பது பேர். ஷாட்டுக்கு முன்னால் எல்லோரையும் வாயை மூடச் சொல்லிவிட்டு, அறையில் மிச்சம் என்ன சத்தம் இருக்கிறது என்று கேட்பது என் வழக்கம். ஃபேனை நிறுத்தியாயிற்று. ஃபிரிட்ஜின் வயரைப் பிடுங்கியாயிற்று. சுவரில் பல்லி கத்தியதுகூடத் துல்லியமாகக் கேட்டது. அதற்கும் மேலே பம்பை, உடுக்கை, நாலு பேர் கோரஸ் எல்லாம் சேர்ந்து அம்மன் பாட்டு.

யாரோ போனில் பாட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக் கத்தினேன். ஆளாளுக்கு போனை எடுத்து நீட்டிக் காட்டினார்கள். எனக்கு பூம் பிடிக்கிற பாஸ்கர் பாட்டு வந்த வழியே கோயில் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தான். பூம் என்பது நீளக் கம்பு நுனியில் மைக். அதை நடிகர்களின் தலைக்கு மேலே, படத்தில் விழாமல் பிடித்துக்கொண்டு நிற்பது சாதாரண வேலை இல்லை. பாஸ்கருக்கு நாற்பது வயது, பொறுமைசாலி.

"அக்கா, தண்ணி டேங்க் மேல நாலு ஸ்பீக்கர் குழாய் கட்டிக்கிறாங்க. ஒண்ணு நேரா நம்ம வூட்டப் பாத்துக்கினு கீது."

"யாரு செட்டுடா அது?"

பாஸ்கர் கொஞ்சம் தயங்கினான்.

"ஆம்ப்ளிஃபயர் பொட்டியில உங்க நைனா பேரு எழுதிக்கீது."

ஆடி மாதம் அமைதி என்று நம்பினேன்

என் அப்பா தணிகாசலம் உத்திரமேரூரில் மைக் செட் வைத்திருப்பவர். கல்யாணம், காதுகுத்து, கூட்டம், திருவிழா எதுவானாலும் குழாய் கட்டுவார். அவருடைய மகள் நான், சினிமாவில் சவுண்ட் ரெக்கார்டிஸ்ட். என் வேலை என்னவென்று ஊரில் யாருக்கும் புரியவில்லை. "நைனா தொழிலையே செய்யற, அப்டித்தானே?" என்பார்கள். நேர் எதிர். அவர் சத்தம் போடுபவர். நான் சத்தம் வேண்டாம் என்று ஊர் ஊராகப் போய்க் கெஞ்சுபவள்.

இந்தத் தொடரைப் படிக்கிற சிலர், "நீங்கள் எந்தப் படத்தில் பாடியிருக்கிறீர்கள்?" என்று கேட்டு எழுதுகிறார்கள். இத்தனை வாரம் எழுதியும் இந்தக் கேள்வி வந்தால் நான் என்னதான் செய்வது? பாடவில்லை. பேசவில்லை. நடிக்கவும் இல்லை. பேசுகிறவர்களின் பேச்சைப் பிடித்து வைப்பவள் நான், அவ்வளவுதான்.

அந்தப் படத்தின் படப்பிடிப்பு முதலில் வைகாசியில் நடப்பதாக இருந்தது. ஹீரோவுக்கு வேறு படம் இழுத்துக்கொண்டு போனதால் தள்ளிப்போனது. டைரக்டர் என்னைவிடப் பத்து வயது சின்னவர், முதல் படம். "அக்கா, ஆனியில வெச்சுக்கலாமா, ஆடியில வெச்சுக்கலாமா?" என்று கேட்டார். நான் பெரிய மேதாவி மாதிரி, "ஆடியில வைங்க. கல்யாணம் இருக்காது. பேண்டு, பட்டாசு, ஊர்வலம் எதுவும் கிடையாது. நிம்மதியா எடுக்கலாம்" என்றேன்.

ஆடியில் அம்மன் கோயில் கூழ் வார்ப்பது மறந்துபோயிற்றா என்று நீங்கள் கேட்கலாம். மறக்கவில்லை. எங்கள் தெரு அம்மனுக்கு ஆடி மூன்றாவது வாரம்தான் காப்புக் கட்டுவார்கள். நான் பிறந்ததிலிருந்து அப்படித்தான். அதனால் முதல் வாரத்தில் தேதி கேட்டு வாங்கினேன். கணக்குப் போட்டதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

ஆனால் படப்பிடிப்பு எங்கள் தெருவில் இல்லை. திருமுக்கூடல் போகிற வழியில் ஒரு கிராமத்தில். ஊர்ப் பெயரைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், விட்டுவிடுகிறேன். ஒவ்வோர் ஊருக்கும் ஒவ்வொரு வாரம். அந்த ஊருக்கு முதல் வாரம். மகள் இடம் பார்த்து "இது அமைதியான ஊர்" என்று கையெழுத்துப் போட்ட அதே ஊரில் அப்பா குழாய் கட்ட ஒப்புக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் வாரத்துக்கு நாலு முறை போனில் பேசுகிறோம். சாப்பிட்டியா, மழை பெஞ்சுதா, அவ்வளவுதான் பேச்சு. வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் குடியா முழுகிவிடும்?

"டப்பிங்கில் பாத்துக்கலாம்"

இந்தத் தொழிலில் எனக்கு ஆகவே ஆகாத வாக்கியம் ஒன்று உண்டு. "விடுங்க, டப்பிங்ல பாத்துக்கலாம்." லாரி ஹார்ன் அடித்தாலும், ஜெனரேட்டர் உறுமினாலும், நடிகர் வசனத்தை மென்று துப்பினாலும் இதையே சொல்வார்கள்.

நம்முடைய படங்களில் பெரும்பாலும் படப்பிடிப்பில் பதிகிற பேச்சு அடையாளத்துக்குத்தான். அதற்குப் பெயர் பைலட் டிராக். பிறகு ஸ்டூடியோவில் திரையைப் பார்த்து மறுபடி பேசுவார்கள். அவரே வந்து பேசலாம், அவருக்காக வேறு யாராவது பேசலாம். லைவ் சவுண்ட் என்றால் நடிக்கும்போது வந்த குரலே படத்தில் வரும். அதற்கு அமைதி வேண்டும். அமைதி கேட்டால் யூனிட்டில் எல்லோரும் என்னை வட்டிக்காரியைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள்.

பதினாலு வருஷம் அடுத்தவருக்கு உதவியாளாக இருந்தேன். பூம் பிடித்தேன், ஒயர் சுற்றினேன், நடிகைகளின் புடவைக்குள் மைக் ஒளித்தேன். பெண் என்பதால் அந்தக் கடைசி வேலைக்கு மட்டும் என்னைத் தேடுவார்கள். இந்தப் படத்தில்தான் முதன்முதலாகத் தலைமை சவுண்ட் ரெக்கார்டிஸ்ட். அதுவும் டைரக்டர் அடம்பிடித்ததால் கிடைத்தது. தயாரிப்பாளருக்கு லைவ் சவுண்டில் நம்பிக்கையே இல்லை. அவர் சார்பில் வந்த புரொடக்‌ஷன் மேனேஜர் அன்று காலையிலேயே சொல்லிவிட்டார்:

"இன்னிக்கு அந்த அம்மா சீன் மதியத்துக்குள்ள சுத்தமா வரணும் மேடம். வரலேன்னா பைலட் எடுத்துக்கறோம். நாளைலேர்ந்து உங்க சாமானுக்கும் வேலை இல்ல, உங்களுக்கும் இல்ல. தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

அந்த அம்மா

அவர் சொன்ன அம்மா, ரங்கநாயகியம்மா. நாற்பது வருஷமாக அம்மா வேஷம். எந்தச் சேனலைத் திருப்பினாலும் மதியப் படத்தில் அழுதுகொண்டிருப்பார். முகம் தெரியாத ஆளே தமிழ்நாட்டில் இல்லை. குரல் மட்டும் யாருக்கும் தெரியாது.

இரண்டாவது படத்தின்போது ஒரு டைரக்டர், "நீ பேசினா ஆம்பளை பேசற மாதிரி இருக்கு" என்று சொல்லி வேறு பெண்ணை வைத்துப் பேச வைத்தாராம். அந்தக் குரல் ஜனங்களுக்குப் பிடித்துப்போயிற்று. அதற்கப்புறம் எந்தப் படத்திலும் இவரை டப்பிங்குக்குக் கூப்பிடவில்லை. இவர் வாயை அசைப்பார், அந்தப் பெண் பேசுவார். அந்தப் பெண்ணுக்கு வயதானதும் இன்னொரு பெண்.

போதாக்குறைக்கு, சில வருஷம் முன்னால் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு படுத்துவிட்டார். தேறி எழுந்தார். ஆனால் நாக்கு கனத்துப்போயிற்று. காலையில் தெளிவாகப் பேசுவார். பதினோரு மணிக்கு மேல் வார்த்தை குழறும்.

இந்தப் படத்தில் அவருக்கு இருந்தது ஒரே நாள் வேலை, ஒரே காட்சி. அம்மாவைக் கேட்காமல் நிலத்தை விற்றுவிட்ட மகனிடம் அவர் பேசுகிறார். கட் இல்லாமல் மூன்று நிமிஷம். லைவ் சவுண்ட் என்று தெரிந்த பிறகுதான் சம்மதித்தார். ஒத்திகைக்குப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நிஜமாவே என் குரலையே வைப்பியா? அப்புறம் மாத்திட மாட்டாங்களே?"

"வைப்பேம்மா."

"சத்தியமா?"

சத்தியம் செய்தேன். எதை வைத்துச் செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை. உதவியாளாக இருந்தவரை நான் யாருக்கும் எதற்கும் வாக்குக் கொடுத்ததில்லை. கொடுக்கும் இடத்துக்கு வந்ததும் முதல் வேலையாக மாட்டிக்கொண்டேன்.

போய் உன் நைனாவைக் கேளு

ஆக, மணி எட்டே முக்கால். ரங்கநாயகியம்மா மேக்கப் போட்டு, வெளுத்த நூல் புடவையில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். குழாயில் பாட்டு. மேனேஜர் கைக்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். டைரக்டர் என்னைப் பார்த்து, "உங்க ஊர்ப்பக்கம்தானே அக்கா, சொன்னா கேக்க மாட்டாங்களா?" என்கிறார்.

இதுவும் எனக்கு ஆகாத வாக்கியம்தான். வெளியூர்க்காரன் சொன்னாலாவது பயந்துகொண்டு கேட்பார்கள்.

ஓடினேன். கோயிலுக்கு முன்னால் பெரிய அண்டாக்களில் கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. கேழ்வரகு வாசனையும் வேப்பிலை வாசனையும் புகையும் சேர்ந்து மூக்கில் ஏறியது. விழாக் கமிட்டித் தலைவரைப் பிடித்தேன். மஞ்சள் துண்டு போட்டிருந்தார்.

"பத்தே நிமிஷம் பாட்ட நிறுத்தணுங்க. ஷூட்டிங்."

"எங்கிட்ட கேட்டா? செட்டு உன் நைனாது. போய் உன் நைனாவக் கேளு."

அப்பா பந்தலுக்குப் பின்னால் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஆச்சரியம்கூட இல்லை.

"இன்னாம்மா, இங்க கீற? நாஷ்டா துன்னியா?"

"நைனா, பத்து நிமிஷம் செட்ட நிறுத்து."

"கமிட்டிய கேளு."

"அவர் உன்னக் கேக்கச் சொல்றாரு!"

"அவுரு அப்டித்தான் சொல்வாரு. விடிய காலைல காப்பு கட்டியாச்சு. கூழு ஊத்தற வரைக்கும் செட்டு நிக்கக் கூடாது. வேணும்னா சத்தத்தக் கொறைக்கறேன்."

குறைத்தார். ஓடிவந்து ஹெட்ஃபோனில் கேட்டேன். பாட்டு போய்விட்டது, பம்பை மட்டும் குத்திக்கொண்டே இருந்தது. மறுபடி ஓடினேன். அதற்குள் வந்து போன பக்தர் ஒருவர் சத்தம் போதவில்லை என்று திருகி ஏற்றிவிட்டிருந்தார். இப்படி ஓடி ஓடியே மணி பத்தை நெருங்கிவிட்டது. எனக்கு எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"நைனா, இது கெட்டுப்போச்சுன்னா நாளைக்கு எனக்கு வேலை இல்ல. மறுபடி பதினாலு வருஷம் பின்னாடி போய் பூம் பிடிக்கணும். புரியுதா உனக்கு?"

"எங்கிட்ட இன்னாத்துக்கு கத்தற? நாப்பது வருசமா நான் சத்தம் போட்டுத்தான் உன்னப் படிக்க வெச்சேன். இப்ப சத்தமே ஆவாதுன்னா?"

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆத்திரத்தில் வந்ததுதான். அப்பா தோள் துண்டை எடுத்து நீட்டினார்.

"யாரு பேசறாங்க?" என்றார்.

"ரங்கநாயகியம்மா."

"அவங்களா! கணீர்னு பேசுவாங்களே. சினிமா வசன கேசட்டு எத்தினி போட்டுக்கறேன் இந்த செட்டுல."

"அது அவங்க குரல் இல்ல நைனா. வேற ஆளு. இத்தனை வருஷத்துல அவங்களப் பேசவே விடல. இன்னிக்குத்தான் பேசப்போறாங்க. அதுவும் பதினோரு மணி வரைக்கும்தான் நாக்கு வளையும்."

அப்பா ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்கு அது பெரிய அதிர்ச்சி. நாற்பது வருஷமாக ஊருக்கெல்லாம் போட்டுக் காட்டிய குரலுக்கு முகம் வேறு என்றால் யாருக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும்.

"பேஜாரு புடிச்ச தொயிலும்மா உன்னுது" என்றார். "பத்து நிமிசம் நிறுத்தறேன். ஆனா சொல்லிட்டேன், செட்டு நின்னா ஊரு எயுந்து வரும்."

அவர் செட்டைப் பற்றி அடிக்கிற வழக்கமான ஜம்பம் என்று நினைத்தேன். "வரட்டும்" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

ஒரு நிமிஷம் பத்து விநாடி

பாட்டு நின்றது.

அப்படி ஓர் அமைதியை நான் எந்த ஸ்டூடியோவிலும் கேட்டதில்லை. ஓட்டின் மேல் ஒரு வேப்பம்பழம் விழுந்து உருண்டது. அதன் பிறகு அதுவும் இல்லை. "சவுண்ட் ரெடி" என்றேன். டைரக்டர் ஆரம்பித்தார். ரங்கநாயகியம்மா தலை நிமிர்ந்தார்.

கரகரவென்று, கனமாக, ஒவ்வொரு வார்த்தையையும் எட்டிப் பிடித்துப் பேசினார். என் கை மயிர் சிலிர்த்தது. ரெக்கார்டரில் ஒரு நிமிஷம் ஓடியது. அதற்கு மேல் பத்து விநாடி. அப்போது ஹெட்ஃபோனில் இடது பக்கத்திலிருந்து காலடிச் சத்தம் வந்தது. ஒருவர் இருவர் இல்லை. தெரு முழுக்கக் கால்கள். பிறகு பேச்சு. நாய்கள். பிறகு, சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு பெண் மாரில் அடித்துக்கொண்டு அழுகிற சத்தம்.

டைரக்டர் கட் சொல்வதற்குள் வாசல் கதவு திறந்துகொண்டது.

"அய்யய்யோ, எப்ப போச்சு உயிரு?"

எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. காப்புக் கட்டிய ஊரில் சாவு விழுந்தால் முதலில் நிறுத்துவது மைக் செட்டைத்தான். பிணத்தை எடுத்து முடித்த பிறகுதான் மறுபடி பாட்டு. கரண்ட் போனாலும் ஜெனரேட்டர் உண்டு. அதனால் பாட்டு பாதியில் நின்றால் ஊர் அதற்கு ஒரே அர்த்தம்தான் எடுத்துக்கொள்ளும். யாரோ போய்விட்டார்கள். வெளியூரிலிருந்து உடம்பு முடியாத பெரிய நடிகை ஒருவர் வந்து இறங்கியதை முந்தைய நாள் மாலை ஊரே பார்த்திருந்தது. மிச்சத்தை அவர்களே சேர்த்துக்கொண்டார்கள்.

இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். பள்ளிக்கூட நாளில் எங்கள் தெருவிலேயே இரண்டு முறை இப்படிச் செட் நின்றிருக்கிறது. இரண்டு முறையும் நான் அப்பாவின் பக்கத்திலேயே இருந்தேன். ஹெட்ஃபோனை மாட்டினால் எனக்கு ஊர் மறந்துவிடுகிறது. கேட்பதையே பிழைப்பாக வைத்திருக்கிற நான், அப்பா சொன்ன ஒரு வாக்கியத்தைக் காதில் வாங்கவில்லை.

இதற்குள் நூறு பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். ஆண்கள் தலையில் துண்டு. ஒருவர் கையில் சம்பங்கி மாலை. அவ்வளவு சீக்கிரம் மாலை எங்கிருந்து கிடைத்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. புரொடக்‌ஷன் ஆட்கள் தள்ளினார்கள். இவர்கள் திருப்பித் தள்ளினார்கள். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து அப்பா மூச்சிரைக்க வந்தார்.

"சொன்னேனே, கேட்டியா?"

மேனேஜர் என்னிடம் வந்தார். அவர் குரலில் சந்தோஷமே இருந்தது.

"மேடம், மணி பத்தே கால். விடுங்க. டப்பிங்ல பாத்துக்கலாம்."

இதான் நான்

நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் ரங்கநாயகியம்மா எழுந்துவிட்டார். சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். அவரைப் பார்த்ததும் கூட்டம் ஓர் அடி பின்வாங்கியது. மாலைக்காரர் மாலையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

"நான்தாம்மா. சாகல" என்றார் ரங்கநாயகியம்மா. "பேசறதுக்கு வந்திருக்கேன்."

அழுதுகொண்டே வந்த பெண்மணி அழுகையை நிறுத்திவிட்டு அவரை உற்றுப் பார்த்தாள்.

"இன்னாம்மா உன் கொரலு இப்டி கீது? சினிமாவுல வேற மாதிரி இருக்குமே?"

"அது நான் இல்லம்மா. இதான் நான்."

"அப்ப இத்தினி நாளா நாங்க கேட்டது?"

"வேற ஒரு பொண்ணு. நல்லாத்தான் பேசுச்சு" என்றார். "இன்னிக்கு ஒரு தடவ நான் பேசிடறேன். பத்து நிமிஷம் விடறீங்களா?"

அந்தப் பெண்மணி கொஞ்சம் யோசித்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசல் மண்ணிலேயே உட்கார்ந்தாள்.

"பேசு தாயி. கேக்கறோம்."

ஒவ்வொருவராக எல்லோரும் உட்கார்ந்தார்கள். நான் கெஞ்சிக் கேட்டிருந்தால் ஒருத்தர் உட்கார்ந்திருப்பாரா? மாட்டார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

நூறு பேர் என்றால் நூறு போன். ஒன்று அடித்தாலும் போச்சு. அப்பா என் முகத்தைப் பார்த்தார். காலி அண்டா ஒன்றை எங்கிருந்தோ உருட்டிக்கொண்டு வந்தார்.

"எல்லாம் போன இதுல போடு. கூழு குடிக்கறப்ப வாங்கிக்கலாம். யாருக்காவது இருமல் வந்தா இப்பவே எயுந்து போயிடு."

திட்டிக்கொண்டே போட்டார்கள். இரண்டு பேர் அண்டாவைத் தூக்கிக்கொண்டு கோயில் பக்கம் போனார்கள். போகும்போதே அதற்குள் மூன்று போன் அடித்தது.

பத்து முப்பத்தைந்துக்கு மறுபடி ஆரம்பித்தோம். நாக்கு ஏற்கெனவே கனக்க ஆரம்பித்துவிட்டது என்று எனக்குக் கேட்டது. இரண்டு இடத்தில் வார்த்தை தடுக்கியது. தடுக்கிய இடத்தில் அவர் நிற்காமல், அதையே அந்தக் கிழவியின் கோபமாக மாற்றிக்கொண்டு மேலே போனார். மகனாக நடித்தவர் தன் வசனத்தை மறந்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவும் சரியாகவே இருந்தது.

"கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன்டா" என்றார் கடைசியில். "கேக்கலியே நீ."

டைரக்டர் கட் சொல்லவில்லை. வாசலிலிருந்து யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. அதுவும் பதிவாகியிருக்கிறது. அழிக்கச் சொன்னார்கள், நான் அழிக்கவில்லை.

"சவுண்ட்?" என்று கேட்டார் டைரக்டர். இந்தத் தொழிலில் யாரும் மனதாரக் கேட்காத கேள்வி அது.

"ஓகே" என்றேன். மேனேஜர் வெளியே போனார்.

படம் ஒன்றும் பிரமாதமாக ஓடவில்லை. மற்றதில் பாதிக்கு மேல் கடைசியில் டப்பிங்தான் செய்தார்கள். அதற்காக நான் போட்ட சண்டையைத் தனியாக எழுத வேண்டும். ஆனால் இந்த மூன்று நிமிஷத்தில் மட்டும் யாரையும் கை வைக்க விடவில்லை. காஞ்சிபுரத்தில் படம் பார்த்தபோது பின்வரிசையில் ஒருவர், "இது யாரு கொரலுப்பா, புதுசா கீது" என்றார். எனக்கு எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும் போலிருந்தது.

ஹெட்ஃபோன்

அன்றைக்கு ஷாட் முடிந்ததும் பாட்டு மறுபடி ஆரம்பித்துவிட்டது. நின்ற நேரத்துக்கும் சேர்த்து வைத்ததுபோல் அப்பா ஏற்றி வைத்தார். கூட்டம் கூழுக்கு ஓடியது. அடுத்த ஷாட்டுக்கு லைட் மாற்ற ஆரம்பித்தார்கள். எல்லோரும் எல்லோரையும் பார்த்துக் கத்தினார்கள்.

ரங்கநாயகியம்மா பின்கட்டுக்கு வந்தார்.

"நான் கேக்கலாமா?"

நடிகர்கள் வழக்கமாக மானிட்டரில் தங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். குரலைக் கேட்க வேண்டும் என்று அதுவரை என்னிடம் யாரும் வந்ததில்லை. என் பிளாஸ்டிக் பெட்டியில் அவரை உட்கார வைத்தேன். ஹெட்ஃபோனை அவர் தலையில் மாட்டினேன். வெளியே பாட்டு பலமாக இருந்ததால் இரண்டு பக்கமும் என் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டேன். பட்டனைத் தட்டியவன் பாஸ்கர்.

முதலில் அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு புருவம் சுருங்கியது. யாரோ தெரிந்தவர் பேசுவதைக் கேட்பதுபோல் தலையைச் சாய்த்தார். பிடிக்கவில்லையோ என்று எனக்குப் பயமாகிவிட்டது. மூன்று நிமிஷம் அசையாமல் இருந்தார். முடிந்ததும் என் கையைப் பிடித்து விலக்கினார்.

"எங்கம்மாடி இது" என்றார். "எங்கம்மா இப்படித்தான் பேசுவாங்க. அவங்க போய் எவ்வளவோ வருஷம் ஆச்சு. அந்தக் குரல் எங்கிட்ட வந்திருக்குன்னு எனக்கு யாருமே சொல்லலியே."

அவர் அழவில்லை. நான்தான் அழுதேன்.

கதவில் மேனேஜர் வந்து நின்றார். "மேடம், அடுத்த ஷாட் ரெடி. எல்லாரும் உங்களுக்காகத்தான் வெயிட்டிங்."

"இன்னொரு தடவ போடு" என்றார் ரங்கநாயகியம்மா, அவரைத் திரும்பிப் பார்க்காமலே.

"வெயிட் பண்ணச் சொல்லுங்க" என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு, அந்தக் காதுகளை மறுபடி பொத்திக்கொண்டேன்.